கடைசிப் பாடமும் முப்பத்தைந்து மதிப்பெண்ணும்: பத்தாம் வகுப்பு ஆங்கில வகுப்பின் எதிர்பார்ப்புகள் – கடலூர், சிதம்பரம் பின்புலத்தில் ஒரு வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் 2019-20 கல்வியாண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் ஆறாம் அலகில் அல்போன்ஸ் தோதேயின் ‘கடைசிப் பாடம்’ என்னும் பிரெஞ்சுக் கதை, ஆங்கில மொழிபெயர்ப்பில் இடம்பெற்றுள்ளது. மொழி வகுப்பில் மாணவனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையே பேசும் அக்கதையை, அதைப் பாடமாக வைத்துள்ள வகுப்பின் எதிர்பார்ப்புகளோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கதையைத் தாய்மொழிப் பற்றின் கதையாக மட்டும் வாசிப்பது அதன் பாதியை மறைத்துவிடுகிறது என்பதும், மறைந்த அப்பாதியே கடலூர், சிதம்பரம் பகுதி அரசுப் பள்ளி மாணவர்க்கு மிக அண்மையானது என்பதும் இக்கட்டுரையின் வாதம். நன்னூற் பொதுப்பாயிரத்தின் மாணாக்கர் இலக்கணம் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆங்கிலப் பாடநூல், பொதுத்தேர்வு, தோதே, மிஸ்த்ரால், நன்னூல், இருமொழிக் கொள்கை, முதல் தலைமுறைக் கற்போர்

முன்னுரை

ஆங்கில வகுப்பிலிருந்து தமிழ்ச் சமூகம் எதிர்பார்ப்பவை மிகப் பல. வேலை, உயர்கல்வி, வெளிமாநிலத் தொடர்பு, நீதிமன்றம், மருத்துவமனை ஆகிய அனைத்திற்குமான வாயில் அவ்வகுப்பில் இருப்பதாக நம்பப்படுகிறது. அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டமைக்கு இந்நம்பிக்கையே காரணம். ஆனால் அதே வகுப்பு மாணவனிடம் எதிர்பார்ப்பது வியக்கத்தக்க அளவு சிறிது. வகுப்பின் மீது சுமத்தப்படும் எதிர்பார்ப்பும் மாணவன் மீது வைக்கப்படும் எதிர்பார்ப்பும் ஒன்றே எனக் கொள்வது கல்வி குறித்த விவாதங்களில் அடிக்கடி நேரும் பிழை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாடநூலிலுள்ள ஒரு கதையே அளந்து காட்டுகிறது. பாடநூலைத் தொகுத்தோர் அதை எண்ணிச் சேர்த்தனரா என்பது இங்கு வினாவன்று.

தேர்வு கேட்பது

பாடநூலில் ஏழு உரைநடைப் பாடங்கள் உள்ளன. லியம் ஓ’ஃபிளாகர்ட்டியின் கடற்பறவைக் கதை, ஜேம்ஸ் தர்பரின் நகைச்சுவைக் கட்டுரை, சத்யஜித் ராயின் சிறுகதை, கானன் டாயிலின் துப்பறியும் நாடகம் முதலியவற்றோடு தோதேயின் கதையும் ஒன்று. தேர்ந்தெடுப்பைக் குறை சொல்வதற்கில்லை. பழைய பாடநூல்களோடு ஒப்பிட இது பரந்த மனமுடைய தொகுப்பே.

சிக்கல் வினாத்தாளில் தொடங்குகிறது. முன்பு இரு தாள்களாக இருந்த ஆங்கிலம் 2019-20 முதல் 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாயிற்று. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14; இரண்டு மதிப்பெண் விடைகள் 10; ஐந்து மதிப்பெண் விடைகள் 10; எட்டு மதிப்பெண் விடைகள் 2. தேர்ச்சிக்கு 35. இவ்வமைப்பில் உரைநடைப் பாடங்களைத் தொடாமலே எவ்வளவு பெறலாம் எனக் கூட்டிப் பார்க்கலாம். விளம்பரம், கடிதம், படவிளக்கம், பிழைதிருத்தம் முதலிய பயன்பாட்டு வினாக்களில் நான்குக்கு 20. மனப்பாடச் செய்யுளுக்கு 5. வழிகாட்டும் வரைபட வினாவுக்கு 2. பார்த்தறியாத பத்தியைப் படித்து விடையளிக்கும் வினாவுக்கு 8. மொத்தம் 35. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் பெறுவது அரிது. எனினும் குறையும் மதிப்பெண்ணை ஒரு மதிப்பெண் வினாக்கள் ஈடுசெய்துவிடும். கதை எதையும் படிக்காத மாணவனும் தேர்ச்சி பெறுவான்.

‘மெல்லக் கற்போர்’ எனப் பெயரிடப்பட்ட மாணவர்க்கென மாவட்டந்தோறும் உருவாக்கப்படும் குறுங்கையேடுகள் இந்தக் கணக்கின் மேல்தான் எழுகின்றன. அவற்றை உருவாக்கும் ஆசிரியர்களைப் பழிப்பது நேர்மையாகாது. தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியரும், பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டிய மாணவனும் ஒரே நெருக்கடியில் நிற்கின்றனர். தோல்வியுற்ற மாணவன் பள்ளியைவிட்டே நீங்கிவிடும் நிலையில் 35 என்பது அற்ப எண்ணன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் கதையைப் படிக்க வேண்டும், யார் வரைபடத்தோடு நின்றுகொள்ளலாம் என்னும் பிரிவினை பாடத்திட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. வகுப்பறையில் அது நாள்தோறும் நிகழ்கிறது.

கதையைப் படிக்கும் மாணவனுக்கும் நிலைமை பெரிதும் மாறிவிடுவதில்லை. பல இலட்சம் விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய பொதுத்தேர்வில், எல்லார்க்கும் ஒரே விடை உடைய வினாவே பாதுகாப்பான வினா. ஆகவே கதையில் நடந்ததை வரிசையாகத் திரும்பச் சொல்லும் பத்தியே வளர்கிறது. விடைக்குறிப்பை ஆசிரியர் வழக்கில் ‘கீ’ என்பர். தோதேயின் கதையிலும் ஒரு திறவுகோல் உண்டு. அது வேறு பூட்டுக்கானது.

ஃப்ரான்ட்ஸ் தடுமாறிய இடம்

கதை 1872இல் வெளிவந்து, 1873இல் ‘திங்கட்கிழமைக் கதைகள்’ என்னும் தொகுப்பில் சேர்ந்தது. 1870-71 போரில் பிரான்சு தோற்றபின் அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் வசமாயிற்று. இனிப் பள்ளிகளில் ஜெர்மன் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று பெர்லினிலிருந்து ஆணை வந்த நாளில், நாற்பது ஆண்டுகளாகப் பணியாற்றிய ஆசிரியர் ஹாமல் தம் கடைசிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். அதைச் சொல்பவன் ஃப்ரான்ட்ஸ் என்னும் சிறுவன்.

பொதுவாக இக்கதை தாய்மொழிப் பற்றை உணர்த்துவதாக விளக்கப்படுகிறது. அவ்வாறு விளக்குவோர் ஹாமலின் உரையையும், இறுதியில் கரும்பலகையில் அவர் எழுதும் நாட்டு வாழ்த்தையும் கொண்டு முடிவுக்கு வருகின்றனர். கதை தொடங்குவதோ ஓர் இலக்கண அச்சத்தில். அன்று எச்சவினை விதிகளை ஒப்பிக்க வேண்டும்; ஃப்ரான்ட்ஸுக்கு அவற்றில் ஒரு சொல்லும் தெரியாது; பள்ளிக்குப் போகாமல் வயல்வெளியில் திரியலாமா என எண்ணுகிறான். அவன் முறை வரும்போது முதற் சொற்களிலேயே தடுமாறி நின்றுவிடுகிறான். உலகெங்கும் மொழி வகுப்புகள் மாணவனிடம் எதிர்பார்க்கும் செயல் இதுவே: விதியைப் பிழையின்றி ஒப்பித்தல். அதில் அவன் தோற்கிறான்.

இதற்குப்பின் நடப்பதே கதையின் உயிர்நிலை. ஹாமல் திட்டவில்லை, பிழையைப் பங்கிடுகிறார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திப்போடும் ஊர்ப் பழக்கம் ஒரு பங்கு. சில காசு கூடுதலாக வரும் என்று பிள்ளைகளை வயலுக்கும் ஆலைக்கும் அனுப்பிய பெற்றோர் ஒரு பங்கு. பாடம் நடத்துவதற்குப் பதிலாகத் தம் தோட்டத்துக்கு நீர் ஊற்ற மாணவரை ஏவியதும், மீன் பிடிக்கப் போக விரும்பிய நாளில் விடுமுறை விட்டதும் ஆசிரியராகிய தம் பங்கு. மாணவனின் தோல்வியில் மாணவனல்லாதோர் பங்கை ஆசிரியரே வகுப்பில் நின்று கணக்கிட்டுச் சொல்லும் இவ்விடத்துக்கு இணையாகச் சொல்லத்தக்க காட்சி பள்ளிக் கதைகளில் அரிது.

அடுத்து ஹாமல் இலக்கணம் நடத்துகிறார். சற்றுமுன் ஒப்பிக்கத் தெரியாமல் நின்ற அதே சிறுவன், எல்லாம் தனக்கு எளிதாகப் புரிவதைக் கண்டு வியக்கிறான். மாணவனும் அவனே, பாடமும் அதே மொழியின் இலக்கணமே. மாறியது எதிர்பார்ப்பு மட்டுமே. ஒப்பிக்கச் சொன்னபோது வராதது, புரிந்துகொள்ள அழைத்தபோது வந்தது. கதைப்பின்னலில் இப்பகுதி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பத்தி வினாவுக்கான சுருக்கத்தில் முதலில் வெட்டுப்படக்கூடியதும் இதுவே.

மிஸ்த்ராலின் அடிக்குறிப்பு

‘தாய்மொழி’ என்னும் சொல்லையும் இக்கதையில் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டியுள்ளது. அல்சாஸ் நாட்டுப்புற மக்களுள் பெரும்பாலோர் அன்று வீட்டிற் பேசியது ஜெர்மானிய இனத்தைச் சார்ந்த வட்டாரமொழி. பிரெஞ்சு பள்ளியின் மொழி. கதைமாந்தர் பெயர்களே இதைக் காட்டிக்கொடுக்கின்றன. ஃப்ரான்ட்ஸ், ஹௌசர், கொல்லர் வாக்டர் – இவை ஜெர்மானியப் பெயர்கள். இப்பின்னணியில் எச்சவினை விதியில் தடுமாறும் ஃப்ரான்ட்ஸ், தாய்மொழியை அலட்சியம் செய்த மாணவனாக அன்றி, வீட்டில் வழங்காத மொழியின் இலக்கணத்தைப் பள்ளியில் ஒப்பிக்க வேண்டியிருந்த மாணவனாகத் தோன்றுகிறான். கண்ணாடி அணிந்து, பழைய அரிச்சுவடியைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறு பிள்ளைகளோடு எழுத்துக்கூட்டும் முதியவர் ஹௌசரின் நடுங்கும் குரலும் அப்போது வேறு பொருள் தருகிறது. தோதே தம் நாட்டின் இழப்பைப் பாடியவர். இவ்வேறுபாட்டை அவர் கதை மேற்பரப்பில் பேசுவதில்லை. 1918இல் அல்சாஸ் மீண்டும் பிரான்சின் வசமானபோது பள்ளிமொழி மறுபடியும் மாறியது. அன்றும் எங்கோ ஒரு வகுப்பறையில் வேறொரு கடைசிப் பாடம் நடந்திருக்கும்.

கதையில் மிகுதியாக எடுத்தாளப்படும் கருத்து, அடிமைப்பட்ட மக்கள் தம் மொழியை விடாதவரை சிறையின் திறவுகோல் அவர்கள் கையில் உள்ளது என்பது. பிரெஞ்சு மூலத்தில் இவ்விடத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. கருத்து கவிஞர் ஃபிரெடெரிக் மிஸ்த்ராலுக்கு உரியது என அது சுட்டுகிறது. பரவலாக வழங்கும் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவ்வடிக்குறிப்பு காணப்படுவதில்லை. 1904இல் நோபல் பரிசு பெற்ற மிஸ்த்ரால் பிரெஞ்சுக் கவிஞர் அல்லர். தென் பிரான்சின் புரோவான்சு மொழியில் எழுதியவர். அம்மொழியைப் பள்ளியில் பேசிய பிள்ளைகளைத் தண்டித்தவை பிரெஞ்சுப் பள்ளிகள். அப்படியானால் பிரெஞ்சுக்கு எதிராகவும் செல்லக்கூடிய ஒரு திறவுகோலைத் தென்னாட்டவரான தோதே பிரெஞ்சின் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். பள்ளி வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் விதிக்கும் தனியார் பள்ளிகள் தமிழ்நாட்டிலும் உண்டு என்பதை அறிந்த வாசகர்க்கு இவ்வடிக்குறிப்பு வெறும் தகவலாகத் தோன்றாது.

கடலூரும் சிதம்பரமும்

இக்கதையைக் கடலூரில் வைத்துப் படிப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய புனித தாவீது கோட்டை இங்குள்ளது; 1758இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றியது; 1783இல் இரு நாட்டுப் படைகளும் கடலூரில் மீண்டும் மோதின. வடக்கே சிறு தொலைவிலுள்ள புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. எந்த ஐரோப்பிய மொழி இப்பகுதிப் பள்ளிகளில் அமரும் என்பதைப் போர்களும் உடன்படிக்கைகளுமே முடிவு செய்தன, அல்சாஸிலும் அவ்வாறே. புதுச்சேரியிலிருந்து வெளியேறிய பாரதி 1918 நவம்பரில் கைதாகிச் சிறைவைக்கப்பட்டதும் கடலூரில்தான். ஆங்கிலப் பள்ளிப்படிப்பால் தந்தையின் பொருள் கரைந்ததையும், தமக்கு நன்மை விளையாததையும் தம் சுயசரிதைப் பாடலில் கசப்போடு பதிந்தவர் அவர். அம்மொழியின் கவிஞர்களைத் தேடிப் படித்தவரும் அவரே ஆதலால், அக்கசப்பு மொழியின் மீதன்று, வகுப்பின் மீது எனக் கொள்வதே பொருந்தும்.

ஹாமல் சொல்லும் வயலும் ஆலையும் இம்மாவட்டத்தில் தேட வேண்டியவை அல்ல. பண்ருட்டிப் பகுதி முந்திரித் தோப்பு, நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நம்பிய கரும்புக் கொல்லை, கிள்ளைப் பகுதி மீனவக் குப்பம் என அவை கண்முன் உள்ளன. பருவ வேலை தொடங்கும்போது வகுப்பில் இடங்கள் காலியாவதை இங்குள்ள ஆசிரியர் எவரும் அறிவர். ஹாமலின் குற்றப்பங்கீட்டை இவ்வூர் மாணவன் தன் சொற்களில் எழுதினால், அவன் விடை ‘கீ’யில் இராது.

சிதம்பரத்தில் கதைக்கு மற்றொரு முகம் கிடைக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்புக்கு எதிரான போராட்டத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவரது சிலை அங்கு நிற்கிறது. தலைநகரிலிருந்து வரும் மொழி ஆணை என்பது சிதம்பரத்து மாணவனுக்கு அயல்நாட்டுக் கதைப்பொருளன்று. அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968இல் வந்த இருமொழிக் கொள்கையில் தமிழோடு ஆங்கிலமும் நிலைபெற்றது. ஒரு திணிப்பைத் தடுக்கும் கேடயமாக ஆங்கிலம் ஏற்கப்பட்டது. ஆகவே அதன் மீதான எதிர்பார்ப்பு அரசியல் எடையும் பெற்றது. அந்த எடையைத் தாங்கத்தக்கதாக ஆங்கில வகுப்பு வளர்க்கப்பட்டதா என்னும் வினா அதே அளவு உரத்து எழவில்லை. இருமொழிக் கொள்கையை ஆதரிப்போரே முதலில் கேட்டிருக்க வேண்டிய வினா அது.

இவ்வினாவின் கூர்மை, பள்ளிக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தோர் பக்கம் நின்று பார்க்கும்போது மிகுகிறது. சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம், கோயில் வாயிலும் பள்ளி வாயிலும் மறுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கானது. அப்பிள்ளைகளின் வழித்தோன்றல்களுக்கு ஆங்கிலம் மொழிப்பெருமைக்குரிய பொருளாக அன்றி, சாதி குறித்த ஊர் எல்லையைத் தாண்டும் வழியாகவே பெரிதும் தெரிந்தது. அவர்களை நோக்கி ‘தாய்மொழியே திறவுகோல்’ என்று மட்டும் சொல்லும் வாசிப்பு அரைகுறையானது. அதே வேளையில், அவர்களுக்குக் குறுங்கையேட்டைக் கொடுத்து வரைபட வினாவோடு நிறுத்திக்கொள்ளும் வகுப்பு, வழி காட்டுவதாகச் சொல்லி வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

நன்னூலின் கிளி

மாணவனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தமிழுக்குப் புதிய ஆய்வுப்பொருளன்று. பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்துகிறார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவும் முதல்வகைக்கு உவமை. உழைப்புக்கேற்ற விளைவு தரும் மண்ணும், சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடைவகை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடைவகை. கிளி இடைநிலையில் வைக்கப்பட்டிருப்பது இங்கு நோக்கத்தக்கது. நூலை மனப்பாடம் செய்வதையே அடித்தளமாகக் கொண்ட ஒரு கல்விமரபு, மனப்பாடம் மட்டும் செய்பவனுக்கு முதலிடம் தரவில்லை. பொதுத்தேர்வில் கிளிக்கு முதலிடமே கிடைக்கும்.

பாடங்கேட்டல் பற்றிய பகுதி இன்னும் துல்லியமானது. ஆசிரியர் சொன்னதை முழுமையாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கு. பிறர்க்கு விரித்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு. ஐம்பது விழுக்காட்டை மாணவனின் சொந்த விளக்கத்துக்கு ஒதுக்கும் வினாத்தாளைக் கற்பனை செய்வதும் இன்று கடினம். பேசுதல் திறனுக்கான பயிற்சிகள் ஆங்கிலப் பாடநூலில் உள்ளன. பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணில் அவற்றுக்கு இடமில்லாமையால் அவை பெரும்பாலும் புரட்டப்படும் பக்கங்களாக நிற்கின்றன.

நன்னூலை முன்மாதிரியாக அப்படியே ஏற்றுக்கொள்வதற்கும் இல்லை. நூல் கற்பிக்கத் தகாதோர் பட்டியலையும் அது தருகிறது. நோயாளி, தூங்குமூஞ்சி, மந்தபுத்தியுடையோன் ஆகியோர் அதில் உளர். அன்று வாயிலில் திருப்பி அனுப்பப்பட்ட மந்தனே இன்று வகுப்புக்குள் ‘மெல்லக் கற்போன்’. திருப்பி அனுப்ப உரிமையில்லாத பொதுப்பள்ளி, பவணந்தியார் எதிர்கொள்ளாத சிக்கலை எதிர்கொள்கிறது. எனவே மரபின் பொற்காலத்துக்குத் திரும்புவோம் என்னும் வாதம் இங்குப் பயன்படாது. நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்த ஆறுமுக நாவலர், 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபோது பழைய திண்ணையை மீட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷன் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து கண்ட முறைகளை எடுத்துக்கொண்டு, படிநிலைப்பட்ட பாலபாடங்களை எழுதினார். எதிர்த்து நின்ற பள்ளியிடமிருந்தும் கற்பிக்கும் முறையைக் கற்றுக்கொள்ளலாம் என்பதற்கு அவர் சான்று.

கேட்கத்தக்க வினா

‘கடைசிப் பாடம்’ தொடர்பாக ஐந்து மதிப்பெண்ணுக்கு இவ்வாறும் கேட்கலாம்: ஃப்ரான்ட்ஸின் தோல்விக்கு ஹாமல் யார் யாரைப் பொறுப்பாக்குகிறார், அப்பட்டியலில் விடுபட்டவர் எவர்? விடை பல உண்டு. பள்ளியை நடத்தும் அரசு ஒன்று. ஒப்பிக்கச் சொல்லும் பாடமுறை ஒன்று. வீட்டுமொழியை வகுப்புக்கு வெளியே விட்டுவரச் செய்த வழக்கம் ஒன்று. எளிய ஆங்கிலத்தில், பிழைகளோடும், மாணவனால் இவ்விடையை எழுத முடியும். முதலில் தமிழிற் பேசிப் பின் ஆங்கிலத்தில் எழுத வகுப்பு இடந்தந்தால் மெல்லக் கற்போன் எனப்படுபவனாலும் முடியும். முந்திரித் தோப்புக்குப் போன நாட்களை அறிந்தவன் அவனே.

இத்தகைய வினாவைத் திருத்துவது கடினம் என்பது உண்மை. விடைக்குறிப்பில் ஒரு விடைக்குப் பதில் ஏற்கத்தக்க விடைகளின் எல்லையை வகுக்க வேண்டும். திருத்தும் மையங்களில் ஆசிரியர்க்கு நேரமும் நம்பிக்கையும் தர வேண்டும். தமிழ்த் தாளில் நயம் பாராட்டும் வினாவைப் பல்லாண்டுகளாக இவ்வாறே திருத்திப் பழகிய ஆசிரியர்கள் அதே மையங்களில், அடுத்த அறையில்தான் அமர்ந்திருக்கின்றனர்.